பள்ளி பாண்ட் கண்காணிப்புக் குழுவில் உட்காருகிறவருக்கு

கலிஃபோர்னியாவில் வீடு இருந்தால், அக்டோபரில் வரும் சொத்து வரி பில்லை ஒரு முறை நிதானமாகப் படித்துப் பாருங்கள். ஒரு சதவீத அடிப்படை வரிக்குக் கீழே சின்ன எழுத்தில் நாலைந்து வரிகள் இருக்கும். அதில் ஒன்றிரண்டு உங்கள் ஊர்ப் பள்ளி டிஸ்ட்ரிக்ட்டின், அதாவது அங்குள்ள அரசுப் பள்ளிகளை நடத்தும் அமைப்பின் பெயரில் இருந்தால், அதுதான் பாண்ட். பள்ளிக் கட்டடங்களுக்காக டிஸ்ட்ரிக்ட் வாங்கிய கடனை நாம் அடைத்துக்கொண்டிருக்கிறோம் என்று அர்த்தம். வாடகை வீட்டில் இருப்பவர்களும் இதை வாடகையோடு சேர்த்துக் கட்டிக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

கலிஃபோர்னியாவில் இப்படி ஒரு பாண்டின் கண்காணிப்புக் குழுவில் நான் இரண்டு தவணை, மொத்தம் நான்கு ஆண்டுகள் இருந்தேன். எனக்கு வேலை ஒரு மருத்துவமனையின் கணக்குப் பிரிவில், வரும் பில்களைச் சரிபார்ப்பது. கட்டடம் பற்றித் தெரிந்தது அப்பாவிடமிருந்து வந்தது. அவர் பொதுப்பணித் துறையில் ஓவர்சியர். பகலில் டேப் பிடித்து அளந்ததை ராத்திரி எம்.புக்கில், அதாவது அளவுப் புத்தகத்தில் ஏற்றிக்கொண்டிருப்பார். அளவு ஏறாத வேலைக்கு பில் கிடையாது. அந்த எம்.புக் ஞாபகத்தை மட்டும் வைத்துக்கொண்டுதான் இந்தக் குழுவுக்குப் போனேன், அது போதுமானதாகவும் இருந்தது. நம் ஆட்கள் நிறையப் பேர் பிள்ளைகளின் படிப்புக்காகவே டிஸ்ட்ரிக்ட் பார்த்து வீடு வாங்குகிறோம். ஆனால் இந்தக் குழுக்களில் நம்மைப் பார்ப்பது அரிது. அடுத்து வருகிறவர் நான் தடுமாறிய இடங்களில் தடுமாறக் கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன்.

குழு எங்கிருந்து வந்தது

ஒரு காலத்தில் பள்ளி பாண்ட் நிறைவேற மூன்றில் இரண்டு பங்கு வாக்கு வேண்டும். 2000 நவம்பரில் மக்கள் வாக்களித்து நிறைவேற்றிய புரொப்பசிஷன் 39 என்ற சட்டம் அதை 55 சதவீதமாகக் குறைத்தது. குறைத்ததற்கு ஈடாகச் சில கட்டுகளையும் போட்டது. எந்தெந்த வேலைக்குப் பணம் என்ற பட்டியலை வாக்காளர் முன் வைக்க வேண்டும். ஆசிரியர், நிர்வாகிகள் சம்பளத்துக்கும் பள்ளியின் அன்றாடச் செலவுக்கும் அந்தப் பணம் போகக் கூடாது. ஆண்டுதோறும் இரண்டு ஆடிட் நடக்க வேண்டும், ஒன்று கணக்கு ஆடிட், இன்னொன்று பணம் பட்டியலில் உள்ள வேலைக்குத்தான் போனதா என்று பார்க்கும் பெர்ஃபார்மன்ஸ் ஆடிட். இவற்றோடு சேர்த்து நிறைவேற்றிய துணைச் சட்டம், தேர்தல் முடிவு போர்டின் (டிஸ்ட்ரிக்ட்டின் நிர்வாகக் குழு) குறிப்பேட்டில் ஏறிய 60 நாளுக்குள் பொதுமக்கள் கொண்ட கண்காணிப்புக் குழு ஒன்றை அமைக்கச் சொல்கிறது.

குழுவில் குறைந்தது ஏழு பேர். வணிகர் சங்கம், மூத்த குடிமக்கள் அமைப்பு, வரி செலுத்துவோர் சங்கம், இவை ஒவ்வொன்றிலும் தீவிரமாக இருக்கும் ஒருவர். டிஸ்ட்ரிக்ட்டில் படிக்கும் பிள்ளையின் பெற்றோர் ஒருவர். பெற்றோராகவும் பி.டி.ஏ. (பெற்றோர் ஆசிரியர் சங்கம்) போன்ற அமைப்பில் வேலை செய்பவராகவும் இருக்கும் இன்னொருவர். மற்ற இருவர் பொதுவானவர்கள். டிஸ்ட்ரிக்ட்டின் ஊழியர், அதிகாரி, அதற்குப் பொருள் விற்பவர், கான்ட்ராக்டர், கன்சல்டன்ட் யாரும் சேர முடியாது. தவணை குறைந்தது இரண்டு ஆண்டு, தொடர்ந்து மூன்று தவணைக்கு மேல் கிடையாது. சம்பளமும் கிடையாது.

'குடிமக்கள் கண்காணிப்புக் குழு' என்ற பெயரைப் பார்த்துவிட்டு, கிரீன் கார்டில் இருக்கும் பலர் நமக்கில்லை என்று ஒதுங்கிவிடுகிறார்கள். 18 வயது நிரம்பிய கலிஃபோர்னியாவாசி எவரும், குடியுரிமை எதுவானாலும், நியமனப் பதவிகளில் இருக்கலாம் என்று மாநிலம் 2019-ல் சட்டம் செய்திருக்கிறது. விண்ணப்பப் படிவத்தை முழுதாகப் படித்து, டிஸ்ட்ரிக்ட் வேறு ஏதாவது கேட்கிறதா என்று பார்த்துவிட்டு அனுப்புங்கள். பல டிஸ்ட்ரிக்ட்டில் மூத்த குடிமக்கள் இடமும் வரி செலுத்துவோர் சங்க இடமும் ஆள் கிடைக்காமல் காலியாகவே கிடக்கும். கூட வந்திருக்கும் மாமனார் அங்கே முதியோர் சங்கத்துக்குப் போய்வருகிறவர் என்றால் அவரிடமும் ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்கள்.

ஒரு விஷயத்தை முதலிலேயே மனதில் வாங்கிக்கொள்ள வேண்டும். இந்தக் குழு எதையும் அனுமதிப்பதில்லை, நிறுத்துவதுமில்லை. எந்தப் பள்ளியை முதலில் எடுப்பது, யாருக்கு வேலை கொடுப்பது எல்லாம் போர்டின் தீர்மானம். செலவான பணம் வாக்காளருக்குச் சொன்ன வேலைக்குத்தான் போனதா என்று பார்த்து ஊருக்குச் சொல்வது நம் வேலை. கேள்வி கேட்பதும் அறிக்கை எழுதுவதும்தான் அதிகாரம். அது சின்ன அதிகாரம் என்று நான் நினைக்கவில்லை. கையில் காகிதத்தோடு கேட்கிற கேள்விக்குப் பதில் சொல்லாமல் இருப்பது எந்த அதிகாரிக்கும் கஷ்டம்.

முதல் கூட்டத்துக்கு முன்

வாக்காளர் கையேட்டில் அச்சான பாண்டின் முழு வாசகத்தை வாங்குங்கள். வாக்குச் சீட்டில் வரும் 75 சொல் சுருக்கம் போதாது, பின்னால் பத்துப் பன்னிரண்டு பக்கம் நீளும் வேலைப் பட்டியல் வேண்டும். அதை அச்செடுத்து, உறுதியான வேலைகளை ஒரு நிறத்திலும் 'இவை உட்பட, இவை மட்டும் அல்லாமல்' என்று இழுக்கும் வாசகங்களை இன்னொரு நிறத்திலும் கோடிடுங்கள். இரண்டாவது நிறம் அதிகம் வருமானால், அந்த பாண்டில் எதை வேண்டுமானாலும் நியாயப்படுத்தலாம் என்று தெரிந்துகொள்ளுங்கள். என் பிரதியில் பாதிக்கு மேல் மஞ்சள்தான். நான்கு ஆண்டும் அந்தப் பிரதி என் பையிலேயே இருந்தது, ஓரமெல்லாம் நைந்துபோகும் வரை.

அடுத்து, கடைசி இரண்டு ஆண்டு ஆடிட் அறிக்கைகளும் குழுவின் பைலாவும், அதாவது குழு நடக்கும் விதிகளும். பைலாவை எழுதியது அநேகமாக டிஸ்ட்ரிக்ட்டின் வக்கீலாக இருக்கும். குழுவுக்குச் சட்டம் கொடுத்திருக்கும் உரிமையில் எதையாவது அது விட்டிருக்கிறதா என்று பாருங்கள். சட்டப்படி நீங்கள் ஆடிட்டுகளைப் பெற்று ஆராயலாம், கட்டடங்களை நேரில் போய்ப் பார்க்கலாம், பராமரிப்புத் திட்டங்களைப் பார்க்கலாம், செலவைக் குறைக்க டிஸ்ட்ரிக்ட் என்ன செய்தது என்று கேட்கலாம். கூட்டம் நடத்தவும் வெளியிடவும் டிஸ்ட்ரிக்ட் உதவி செய்தாக வேண்டும், அந்த உதவிக்கான செலவை பாண்ட் பணத்தில் எழுதக் கூடாது.

இன்னொன்று, நம்மவர்களுக்கு முக்கியமானது: குழு உறுப்பினர்கள் சேர்ந்து வாட்ஸ்ஆப் குரூப் ஆரம்பித்துவிடாதீர்கள். அரசு அமைப்புகளின் கூட்டங்கள் எல்லோருக்கும் திறந்திருக்க வேண்டும் என்று 1953-ல் வந்த பிரவுன் சட்டத்தின்படி, பெரும்பான்மை உறுப்பினர்கள் கூட்டத்துக்கு வெளியே குழு விவகாரத்தைப் பேசினால் அது ரகசியக் கூட்டம். ஏழு பேரில் நாலு பேர் என்றால் முடிந்தது. ஒருவர் மற்றொருவருக்கு, அவர் அடுத்தவருக்கு என்று சங்கிலியாகப் போனாலும் அதே கதைதான். மின்னஞ்சலில் எல்லோருக்கும் பதில் போடுவதுகூடச் சிக்கலில் மாட்டிவிடும். சந்தேகம் இருந்தால் டிஸ்ட்ரிக்ட் ஊழியருக்கு மட்டும் எழுதுங்கள், அஜெண்டாவில் போடச் சொல்லுங்கள். வழக்கமான கூட்டத்தின் அஜெண்டா 72 மணி நேரத்துக்கு முன்பே வெளியாக வேண்டும். அதில் இல்லாததைக் கூட்டத்தில் விவாதிக்க முடியாது. ஆகவே உங்கள் கேள்வியை இரண்டு வாரம் முன்னதாகவே அனுப்பிவிடுவது நல்லது.

ஒரு பில்லைப் பிடித்துக்கொண்டு போவது

முதல் இரண்டு கூட்டங்களில் எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. வண்ண வண்ண ஸ்லைடுகள் ஓடும். 'பட்ஜெட்டுக்குள், கால அட்டவணைப்படி' என்பார்கள். தலையாட்டிவிட்டு வருவோம். மூன்றாவது கூட்டத்துக்கு முன் முறையை மாற்றினேன். போர்டின் கூட்டக் கோப்பிலேயே அந்தந்த மாதம் கொடுத்த காசோலைகளின் பட்டியல் இருக்கும், வாரன்ட் லிஸ்ட் என்பார்கள். அதில் பாண்ட் நிதியிலிருந்து, பெரும்பாலும் ஃபண்ட் 21 என்ற எண்ணில், போன ஒரே ஒரு தொகையை எடுத்துக்கொண்டு அதன் பின்னால் இருக்கும் எல்லாக் காகிதத்தையும் கேட்டேன். அன்று முதல் ஒவ்வொரு கூட்டத்துக்கும் ஒரு பில். நான்கு ஆண்டில் எனக்குத் தெரிந்த எல்லாமே அப்படி வந்தவைதான்.

பின்னால் இருக்க வேண்டியவை இவை. வேலைப் பட்டியலில் அந்த வேலை எந்த வரியில் வருகிறது. போர்டு எந்தத் தேதியில் ஒப்புதல் கொடுத்தது. டெண்டர் விளம்பரம் எப்போது வந்தது, எத்தனை பேர் விலை கொடுத்தார்கள் (இங்கே பிட் என்கிறார்கள், நம் டெண்டர்தான்), யார் குறைவு, குறைவானவரைத் தள்ளியிருந்தால் ஏன். ஒப்பந்தம். பர்ச்சேஸ் ஆர்டர். கான்ட்ராக்டர் செய்த வேலைக்குப் பணம் கேட்டு மாதாமாதம் கொடுக்கும் விண்ணப்பம், பே ஆப் என்பார்கள். கடைசியாகக் காசோலை.

இவற்றில் பே ஆப்தான் அப்பாவின் எம்.புக்குக்குச் சமம். வேலையை முப்பது நாற்பது உருப்படியாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் மொத்தத் தொகை, இதுவரை எத்தனை சதவீதம் முடிந்தது, இந்த மாதம் எவ்வளவு என்று கட்டம் கட்டமாக இருக்கும். ஆர்க்கிடெக்டும் இன்ஸ்பெக்டரும் கையெழுத்துப் போட்டிருக்க வேண்டும். அடியில் 5 சதவீதம் பிடித்தம் கழித்திருக்கும், வேலை முழுதாக முடிந்த பிறகுதான் அது விடுவிக்கப்படும். இரண்டு மாத பே ஆப்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 'மொபிலைசேஷன்' (ஆளையும் சாமானையும் தளத்துக்குக் கொண்டுவருவது), 'பொது ஏற்பாடுகள்' போன்ற முதல் உருப்படிகள் ஆரம்பத்திலேயே 80, 90 சதவீதம் ஆகியிருந்தால் கான்ட்ராக்டர் பணத்தை முன்கூட்டி இழுத்துக்கொள்கிறார் என்று பொருள். தகராறு வந்து அவர் நடுவில் போய்விட்டால், கையில் மிச்சம் இருக்கும் தொகையில் மீதி வேலையை முடிக்க முடியாது.

அதைவிடக் கவனிக்க வேண்டியது சேஞ்ச் ஆர்டர். வேலை தொடங்கிய பிறகு வரும் கூடுதல் தொகை. பழைய கட்டடம் என்றால் சேஞ்ச் ஆர்டர் வரத்தான் செய்யும், அதில் தவறில்லை. புது டெண்டர் இல்லாமல் போர்டு ஒப்புக்கொள்ளும் மாற்றத்துக்குச் சட்டம் மூல ஒப்பந்தத் தொகையில் 10 சதவீதம் என்று எல்லை வைத்திருக்கிறது. பலர் அந்த 10 சதவீதத்தை மட்டும் பார்த்துவிட்டு விட்டுவிடுகிறார்கள். எனக்கு அதைவிட, காரணம் என்று எழுதியிருக்கும் கட்டம் முக்கியம். நாலு விதமான காரணம்தான் இருக்க முடியும்: டிஸ்ட்ரிக்ட் புதிதாகக் கேட்டது, அரசு அலுவலகம் கேட்டது, வரைபடத்தில் விட்டுப்போனது, யாருக்கும் தெரியாமல் மண்ணுக்குள்ளோ சுவருக்குள்ளோ இருந்தது.

ஒரு தொடக்கப் பள்ளியின் வகுப்பறைப் புதுப்பிப்பில் வந்த ஏழாவது சேஞ்ச் ஆர்டரைச் சொல்கிறேன். தொகை 80,000 டாலருக்குச் சற்று மேல். காரணக் கட்டத்தில் 'எதிர்பாராத நிலைமை' என்று இருந்தது. கோடை விடுமுறையில் கம்பளத்தை உரித்தபோது அடியில் பழைய ஒன்பது அங்குலத் தரை ஓடுகள், நுரையீரலைக் கெடுக்கும் ஆஸ்பெஸ்டாஸ் கலந்தவை, கறுப்புப் பசை போட்டு ஒட்டியிருந்தார்களாம். வேலை நின்றது. அகற்றுவதற்கு உரிமம் பெற்ற தனிக் குழு அவசரமாக வந்தது.

படித்ததும் எனக்கு ஒன்று உறுத்தியது. 1986-ல் வந்த கூட்டாட்சிச் சட்டப்படி அமெரிக்காவில் ஒவ்வொரு பள்ளியும் தன் கட்டடத்தில் எங்கெங்கே ஆஸ்பெஸ்டாஸ் இருக்கிறது என்று ஒரு மேலாண்மைத் திட்டக் கோப்பு வைத்திருக்க வேண்டும். மூன்று ஆண்டுக்கு ஒரு முறை மறு ஆய்வு செய்ய வேண்டும். அந்தக் கோப்பு பள்ளி அலுவலகத்திலேயே இருக்க வேண்டும், யார் கேட்டாலும் ஐந்து வேலை நாளுக்குள் காட்ட வேண்டும். ஒரு வியாழக்கிழமை மதியம் போய்க் கேட்டேன். அலுவலகத்து அம்மா ஐந்து நாள் எல்லாம் எடுத்துக்கொள்ளவில்லை. காகித அலமாரியின் மேல் தட்டில் இருந்து தூசி தட்டி ஒரு வெள்ளைக் கோப்பை இறக்கிக் கொடுத்தார். பதினான்காம் அறைக்கு ஒரு பக்கம். 'கம்பளத்தின் அடியில் ஒன்பது அங்குல ஓடு, நல்ல நிலையில்' என்று எழுதி, பக்கத்தில் ஆய்வாளரின் சுருக்கொப்பம். தேதியைப் பார்த்தால் இரண்டு ஆண்டுக்கு முன். வரைபடம் போடுவதற்கே முன்னால்.

அந்தப் பக்கத்தைப் படம் எடுத்துக்கொண்டேன். கூட்டத்தில் யார் மேலும் பழி சொல்லவில்லை. 'இந்தக் கோப்பு ஆர்க்கிடெக்டிடம் கொடுக்கப்பட்டதா, கொடுத்திருந்தால் டெண்டர் வரைபடத்தில் ஏன் வரவில்லை' என்று மட்டும் கேட்டேன். கட்டடப் பிரிவு இயக்குநர் கொஞ்ச நேரம் அந்தப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். விசாரித்துச் சொல்கிறேன் என்றார், சொன்னபடி செய்தார். அடுத்த கூட்டத்துக்குள் காரணக் கட்டம் 'வரைபடத்தில் விட்டுப்போனது' என்று மாறியிருந்தது.

இந்த இடத்தில் கணக்கை நியாயமாகப் பார்க்க வேண்டும். அந்த ஓடுகளை எப்படியும் அகற்றித்தான் ஆக வேண்டும், அந்தச் செலவு முதலிலேயே டெண்டரில் வந்திருந்தாலும் டிஸ்ட்ரிக்ட்தான் கொடுத்திருக்கும். வீணானது அதற்கு மேல் போன தொகை: போட்டி இல்லாமல் பேசிய விலை, அவசரத்துக்கான கூடுதல், நின்றுபோன நாட்களுக்கு கான்ட்ராக்டர் கேட்டது. அந்தப் பங்கை மட்டும் டிஸ்ட்ரிக்ட் ஆர்க்கிடெக்டிடம் கேட்டு, பாதிக்குக் கொஞ்சம் குறைவாகத் திரும்பப் பெற்றது. என்னைப் பொறுத்தவரை அதைவிடப் பெரிய பலன், அடுத்து வந்த நான்கு பள்ளிகளுக்கும் டெண்டருக்கு முன்பே அந்த வெள்ளைக் கோப்பை எடுத்து வரைபடத்தோடு சேர்த்தார்கள். பிள்ளைகள் உட்கார்ந்து படிக்கும் தரை அது. பணம் ஒரு பக்கம் இருக்கட்டும், அது எங்கே இருக்கிறது என்று வேலைக்கு வரும் ஆளுக்கு முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும்.

டெண்டர் இல்லாமல் வாங்குவது

எல்லாவற்றுக்கும் டெண்டர் கிடையாது, இருக்கவும் முடியாது. எல்லைகளைத் தெரிந்துகொள்ளுங்கள். கட்டட வேலை 15,000 டாலரைத் தாண்டினால் டெண்டர் என்பது பொது விதி. சீரான செலவுக் கணக்கு முறை என்ற சட்டத்தில் விரும்பிச் சேர்ந்த டிஸ்ட்ரிக்ட்டுக்கு இந்த எல்லை உயரும். 2025 முதல் 75,000 டாலர் வரை நேரடியாக, 220,000 வரை சுருக்கமான டெண்டர் முறையில் செய்யலாம். சாமான்கள், உபகரணம், சாதாரணச் சேவைகளுக்கான எல்லையை ஆண்டுதோறும் மாற்றுகிறார்கள், 2025-க்கு 114,800 டாலர். ஆர்க்கிடெக்ட், இன்ஜினியர் போன்றவர்களை விலைப் போட்டி வைக்காமல் தகுதி பார்த்துத் தேர்ந்தெடுத்து, பிறகு விலை பேசுவது வழக்கம். உங்கள் டிஸ்ட்ரிக்ட் எந்த முறையில் இருக்கிறது என்று முதலில் கேளுங்கள். அது தெரியாமல் கேட்கும் கேள்வி வீண்.

எல்லையைத் தாண்டாமல் இருக்க ஒரே வேலையைத் துண்டு போடுவதைச் சட்டம் தடுக்கிறது. நடக்காமல் இல்லை. ஒரு மாத வாரன்ட் லிஸ்டில் ஒரே பெயிண்ட் கான்ட்ராக்டருக்கு, ஒரே பள்ளிக்கு, ஒரே வாரத்தில் இரண்டு பர்ச்சேஸ் ஆர்டர் பார்த்தேன். ஒன்று 14,700 டாலர், கிழக்கு வரிசை. இன்னொன்று 14,200, மேற்கு வரிசை. எங்கள் டிஸ்ட்ரிக்ட் அப்போது அந்த விருப்பச் சட்டத்தில் சேரவில்லை. கேட்டபோது, இரண்டு கோரிக்கையும் தனித்தனியாக வந்தன என்றார்கள். ஆபீஸில் இருந்து பார்த்தால் அப்படித்தான் தெரிந்திருக்கும், யாரும் திட்டமிட்டுச் செய்ததாக நான் எழுதவில்லை. 'ஒரே பள்ளி, ஒரே வாரம், ஒரே ஆள், மொத்தம் 28,900 டாலர், டெண்டர் இல்லை' என்று நடந்ததை மட்டும் ஆண்டறிக்கையில் வைத்தோம். மறு ஆண்டு பெயிண்ட் வேலை முழுவதையும் சேர்த்து ஒரே டெண்டராக விட்டார்கள். வாரன்ட் லிஸ்டை ஸ்ப்ரெட்ஷீட்டில் ஏற்றி, கான்ட்ராக்டர் பெயரையும் தேதியையும் வைத்து வரிசைப்படுத்தினால் இது பத்து நிமிட வேலை.

பிக்கிபேக் என்று ஒன்று உண்டு. வேறொரு அரசு அமைப்பு டெண்டர் விட்டு முடித்த விலையில் நம் டிஸ்ட்ரிக்ட்டும் வாங்கிக்கொள்வது. மேசை நாற்காலிக்கு வசதியான வழி. ஆனால் தொழிற்சாலையில் செய்து கொண்டுவந்து நிரந்தர அஸ்திவாரத்தில் நிறுத்தும் மாடுலர் கட்டடத்துக்கு இந்த வழி செல்லாது என்று மாநில அட்டர்னி ஜெனரல் 2006-ல் கருத்துச் சொல்லியிருக்கிறார். பிக்கிபேக் என்று வந்தால் அந்த மூல ஒப்பந்தத்தையே கேட்டு வாங்கி, காலாவதி ஆகவில்லையா, நாம் வாங்கும் பொருள் அதில் இருக்கிறதா என்று இரண்டை மட்டும் பாருங்கள்.

பாண்ட் பணத்தில் பொருள் வாங்கும்போது இன்னொரு கேள்வி அவசியம்: கடன் அடையும் காலம் வரை இந்தப் பொருள் உழைக்குமா? 2013-ல் லாஸ் ஏஞ்சலஸ் யூனிஃபைட் டிஸ்ட்ரிக்ட் பாண்ட் பணத்தில் மாணவர்களுக்கு ஐபேட் வாங்க ஆரம்பித்தது. சில ஆண்டே உழைக்கும் சாதனத்துக்குப் பல பத்தாண்டு கடனா என்று அப்போதே கேட்டார்கள். 2014 ஆகஸ்டில் அந்த ஒப்பந்தமே நிறுத்தப்பட்டது. கடனின் விலை இன்னொரு பாடம். சான் டியேகோ பக்கத்தில் போவே யூனிஃபைட் டிஸ்ட்ரிக்ட் 2011-ல் வாங்கியது சுமார் 10.5 கோடி டாலர். வட்டியைப் பல ஆண்டு தள்ளிப்போட்டதால் திருப்பிக் கட்ட வேண்டியது 98 கோடிக்குப் பக்கம். அதைப் பார்த்துத்தான் 2013-ல் மாநிலம், திருப்பிக் கட்டும் தொகை கடனைப்போல் நாலு மடங்கைத் தாண்டக் கூடாது என்று கட்டுப்போட்டது.

சம்பளம் பற்றியும் ஒரு வார்த்தை. டிஸ்ட்ரிக்ட் ஊழியர் ஒருவரின் சம்பளம் ஃபண்ட் 21-ல் இருந்தால் உடனே பதற வேண்டாம். பாண்ட் கட்டட வேலைகளை நிர்வகிக்க அவர் செலவிடும் நேரத்துக்கு மட்டும் அதில் கொடுக்கலாம் என்று 2004-ல் அட்டர்னி ஜெனரல் சொல்லியிருக்கிறார். நேரக் கணக்கு எங்கே என்று கேளுங்கள். 'சுமார் பாதி நேரம்' என்ற பதில் போதாது.

கட்டடம் முடிந்த பிறகு

1933 மார்ச் 10, மாலை ஆறு மணிக்குச் சற்று முன் லாங் பீச்சில் பூகம்பம் வந்தது. பள்ளிக் கட்டடங்கள் வரிசையாக இடிந்தன. பிள்ளைகள் வீட்டுக்குப் போய்விட்ட நேரம் என்பதால் பிழைத்தார்கள். ஒரே மாதத்தில் ஃபீல்ட் சட்டம் வந்தது. அன்றிலிருந்து கலிஃபோர்னியாவில் அரசுப் பள்ளிக் கட்டட வரைபடங்களை மாநிலமே பார்த்து அனுமதிக்கிறது, இப்போது டி.எஸ்.ஏ. என்ற மாநில ஆர்க்கிடெக்ட் அலுவலகம் அதைச் செய்கிறது. வேலை நடக்கும்போது, டி.எஸ்.ஏ. ஒப்புதல் பெற்ற இன்ஸ்பெக்டர் ஒருவர் தளத்தில் இருந்து பார்க்க வேண்டும். அவருக்குச் சம்பளம் டிஸ்ட்ரிக்ட் தருகிறது, கான்ட்ராக்டர் இல்லை.

எல்லாம் முடிந்து, காகிதங்கள் சேர்ந்த பிறகு டி.எஸ்.ஏ. சான்று கொடுத்து வேலையை மூடும். ரிப்பன் வெட்டி, பிள்ளைகள் உள்ளே போய், எல்லோரும் மறந்த பிறகும் இந்தச் சான்று வராமல் கிடக்கும் கட்டடங்கள் உண்டு. சில சமயம் ஒரே ஒரு சோதனை அறிக்கைதான் பாக்கி இருக்கும். சில சமயம் உண்மையான பிரச்சினை இருக்கும். டி.எஸ்.ஏ. இணையதளத்தில் பள்ளிப் பெயரைப் போட்டாலே ஒவ்வொரு வேலையின் நிலையும் தெரியும். முடிந்ததாக டிஸ்ட்ரிக்ட் சொல்லும் வேலைகளை ஒரு பக்கம் எழுதி, சான்று வந்த தேதியை எதிரே எழுதிக்கொண்டு போங்கள். காலியாக நிற்கும் கட்டங்களை மட்டும் கூட்டத்தில் படியுங்கள்.

தளத்தைப் பார்க்கப் போனால் குழுவாகப் போவதற்கு முறைப்படி அறிவிப்பு வேண்டும் என்பதால் டிஸ்ட்ரிக்ட்தான் ஏற்பாடு செய்யும். ஹெல்மெட் போட்டுக்கொண்டு படம் எடுத்துத் திரும்பிவிடாதீர்கள். அந்த மாத பே ஆப்பை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போங்கள். 'கூரை 100 சதவீதம்' என்றிருந்தால் கூரையைக் காட்டச் சொல்லுங்கள். 'கழிப்பறைப் பொருத்துகள் 60 சதவீதம்' என்றிருந்தால் எண்ணிப் பாருங்கள். பள்ளியின் துப்புரவுப் பணியாளரிடமும் இரண்டு வார்த்தை பேசுங்கள். எந்தக் கதவு அடைக்க மாட்டேன் என்கிறது, எங்கே தண்ணீர் தேங்குகிறது என்று அவரைவிட யாருக்கும் தெரியாது.

ஆடிட்டும் ஆண்டறிக்கையும்

முடிந்த நிதியாண்டின் இரண்டு ஆடிட்டும் மார்ச் 31-க்குள் குழுவுக்கு வந்துவிட வேண்டும். அதில் குறை சொல்லியிருந்தால், ஆடிட் கைக்கு வந்த மூன்று மாதத்துக்குள் போர்டு குழுவுக்குப் பதில் தர வேண்டும். இந்த இரண்டு தேதியையும் நாட்காட்டியில் குறித்துக்கொள்ளுங்கள், யாரும் நினைவூட்ட மாட்டார்கள். பெர்ஃபார்மன்ஸ் ஆடிட்டில் முதலில் பார்க்க வேண்டியது, எத்தனை பில்களை மாதிரிக்கு எடுத்தார்கள், மொத்தச் செலவில் அது எத்தனை பங்கு என்பது. 'குறை ஏதும் காணப்படவில்லை' என்ற வரிக்கு அந்த எண் தெரியாமல் மதிப்பில்லை. ஆடிட்டரைக் கூட்டத்துக்கு வரச் சொல்லி, சேஞ்ச் ஆர்டர்களையும் பார்த்தீர்களா என்று நேராகக் கேளுங்கள். எங்கள் ஆடிட்டர் இல்லை என்றார், அடுத்த ஆண்டு பார்த்தார்.

கேட்ட காகிதம் வரவில்லை என்றால் பொது ஆவணச் சட்டம் இருக்கிறது. எவரும் எழுதிக் கேட்கலாம், கொடுக்க முடியுமா என்று பத்து நாளுக்குள் டிஸ்ட்ரிக்ட் சொல்லியாக வேண்டும். விசேஷ காரணம் காட்டி இன்னும் 14 நாள் வரை நீட்டிக்கலாம். குழு உறுப்பினராக இருந்தும் நான் இரண்டு முறை அப்படி எழுதிக் கேட்டிருக்கிறேன். கோபப்படாமல், எந்த வேலை, எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை, எந்தக் காகிதம் என்று மூன்றையும் தெளிவாக எழுதினால் சீக்கிரம் கிடைக்கும்.

ஆண்டுக்கு ஒரு முறையாவது குழு அறிக்கை வெளியிட வேண்டும். டிஸ்ட்ரிக்ட்டின் கன்சல்டன்ட் ஒரு வரைவைத் தயாராகக் கொண்டுவருவார். பளபளப்பான தாள், சிரிக்கும் குழந்தைகள், பணிகள் சிறப்பாக நடக்கின்றன என்று ஒரு பத்தி. படங்கள் இருக்கட்டும். வாசகத்தை நீங்களே எழுதுங்கள். அதற்கு இரண்டு பேர் கொண்ட துணைக் குழு போதும். பாண்ட் பணம் சட்டத்தில் சொன்ன வேலைக்கே போனதா என்ற கேள்விக்கு ஆம் அல்லது இல்லை என்று ஒரு வாக்கியம் அதில் கட்டாயம் இருக்க வேண்டும். அதன் பின்னால் நீங்கள் பார்த்த பில்களின் எண்கள், கேட்ட கேள்விகள், வந்த பதில்கள், இன்னும் வராத பதில்கள். எங்கள் கடைசி அறிக்கை நாலு பக்கம். அதில் ஒன்றரைப் பக்கம் வராத பதில்களின் பட்டியல்தான். தலைவர் அதைப் போர்டு கூட்டத்தில் நின்று ஒவ்வொன்றாகப் படித்தார். ஒவ்வொரு வரிக்கும் எதிரே பதில் சொல்ல வேண்டியவரின் பதவியும் நாங்கள் கேட்ட தேதியும் இருந்தன.